முப்பத்துநான்காவது படி

வேதமுத்து ஐயர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த மே மாதத்தில் ஆறுதல்புரம் கோயிலின் பிரசங்க மேடைக்கு ஏழு படிகள் இருந்தன, அவர் வந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எட்டு இருந்தன, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது இருந்தன, அதற்குப் பிறகு எண்ணுகிற வேலையை நாங்கள் ஞானப்பூவிடமே விட்டுவிட்டோம், கோயில் பெருக்குகிறவளுக்குத்தானே அந்தக் கணக்கு தேவை. எங்கள் பக்கத்தில் சபையின் போதகரை ஐயர் என்று சொல்வது வழக்கம், அவர் மனைவி ஐயரம்மா, அவர் குடியிருக்கிற வீடு ஐயர் பங்களா, இரண்டு அறையும் ஒழுகுகிற ஒரு சமையல்கட்டும்தான் என்றாலும் அது பங்களாதான்.

ஞானப்பூ ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலைத் தூத்துத் துடைத்துப் பூட்டிவிட்டுப் போவாள், ஞாயிறு காலை கதவைத் திறந்தால் கல்தூணைச் சுற்றி வளைந்து ஏறும் அந்தப் படிவரிசையில் ஒன்று கூடியிருக்கும். புதுப்படி பார்க்கப் புதிதாகவும் இருக்காது. மற்றப் படிகளைப் போலவே நடுவில் தேய்ந்து, நூறு வருஷமாக ஐயர்மார் ஏறி இறங்கின வழவழப்போடு இருக்கும். அவள் போய்ச் சபைச் செயலர் தேவபிச்சை சாரிடம் சொன்னாள், அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் எழுத்தில் கேட்பவர்.

"சார், மேடைக்குப் படி கூடிக்கிட்டே போவுது."

"நல்லா எண்ணுனியா?"

"எண்ணவா செய்யணும்? முட்டுவலி சொல்லுதுல்லா."

"பழைய கோயில், அப்படி இப்படித்தான் இருக்கும். நீ தூத்துட்டுப் போ."

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் 'படிகள் கூடுவது குறித்துக்கொள்ளப்பட்டது' என்று தீர்மானம் எழுதினார்கள், காம்பவுண்டுச் சுவர் வெள்ளையடிப்புக்கும் மூத்திரப்புரை கதவுக்கும் நடுவில் அது பதினோராவது தீர்மானமாக இருந்தது. படி ஏன் வளருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய படி என்றுதான் கேட்டோம். வாழைமண்டி ராஜமணி முந்திக்கொண்டு பத்தாவது படியில் தன் குடும்பத்தின் பெயரைச் சலவைக்கல்லில் வெட்டிப் பதித்தார். படி தானாக வந்தது, உபயம் மட்டும் ராஜமணியுடையது. அதைப் பார்த்துப் பதினொன்றை அவர் மச்சினன் எடுத்தார், பன்னிரண்டைச் சென்னையில் இருக்கிற ஒருவர் போனிலேயே சொல்லிவைத்தார், பிறகு பிறக்காத படிகளுக்கெல்லாம் ஆள் நின்றது. கல்யாண ஜோடிகள் அவரவர் குடும்பத்துப் படிக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு எங்கள் சுண்டலைத் தின்றுவிட்டுப் போனார்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் மேடை கூரையைத் தொடப்போகிறது என்று தெரிந்தபோது ஆசாரியைக் கூட்டிவந்து ஓட்டைப் பிரித்து வழிவிட்டோம், மேலே ஒரு தகரக் குடை போட்டோம், நனையாமல் பிரசங்கம் பண்ணட்டும் என்று. மைக் வயர் எட்டாமல் போனபோது அங்கியில் குத்திக்கொள்ளும் வயரில்லாத மைக் ஒன்றை ராஜமணி வாங்கிக்கொடுத்தார், அதிலும் அவர் பெயர் இருந்தது.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, பிரசங்கத்துக்கு முன்னால் ஒரு பாட்டுப் பாடுவோம், அந்தப் பாட்டு முடிவதற்குள் ஐயர் மேடையேறிவிட வேண்டும். ஏழு படிக்கு இரண்டு சரணம் போதும். இருபது படியானபோது பாட்டு முழுவதும் வேண்டியிருந்தது, முப்பதானபோது ஒரு பாட்டும் ஒரு கீர்த்தனையும், நாற்பதைத் தாண்டியபோது ஆர்கன் வாசிக்கும் செல்லக்கனி டீச்சர் மூன்று பாட்டு எடுத்துவைத்துக்கொள்வார், பாடகர் குழுவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு, அது எழுதிவைத்த சட்டம் போல. பிரசங்க மேடையில் குருப்பட்டம் பெற்றவர் காலும் விளக்குமாறு பிடித்தவள் காலும் தவிர வேறு கால் படக்கூடாது.

ஐயர் ஏறினார். ஒவ்வொரு ஞாயிறும் ஏறினார். கூரைக்கு மேலே போன பிறகு அவர் முகம் எங்களுக்குத் தெரியாது, அவருக்கு எங்கள் முகம் தெரியாது, அவருக்குத் தெரிந்ததெல்லாம் பனைமரத் தலைகளும் தேரிமண்ணின் சிவப்பும் தூரத்தில் கடல் என்று ஒரு கோடும்தான். குரல் மட்டும் எங்களுக்கு ஒலிபெருக்கியில் வரும். உயரத்திலிருந்து வருகிற வார்த்தைக்கு எடையே தனி என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம், இப்படி ஒரு ஐயர் வாய்ப்பது எங்கள் பாக்கியம் என்றோம், அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் சேகரத்தில் ஏழு ஊர்க் கோயில்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு கல்லறைத் தோட்டத் தகராறு. அவர் ஜெபிக்காமல் எங்கள் பக்கத்தில் ஒன்றும் ஆரம்பிக்காது. தண்ணீருக்குப் போர் போட ஜெபிப்பார், புது பைக்கின் பெட்ரோல் டேங்கில் கைவைத்து ஜெபிப்பார், ராஜமணியின் எருமை கன்று போடாமல் தவித்தபோது தொழுவத்தில் முட்டுக்கால் போட்டு ஜெபித்தார், அந்த எருமைக்கு லட்சுமி என்று பெயர் இருந்தது அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு வந்தாலும் கலர் சோடா உடைத்துக் கொடுப்போம், "ஐயரே, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்போம், அவர் எங்கள் வீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார், ஆமென் என்போம், வாசல்வரை வந்து வழியனுப்புவோம். அவருக்காக யாரும் ஜெபித்ததில்லை. ஐயருக்கு முன்னால் வாயைத் திறந்து ஜெபிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தோம். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறவனுக்குத் தாகம் எடுக்காது என்று நினைக்கிற மாதிரிதான் இது, நினைத்தோம், அதில் எங்களுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

ஐயரம்மா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர், மகளும் அவரோடு அங்கேதான். இரண்டாவது சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தார்கள், மகள் ப்ளஸ் டூ போனதிலிருந்து அதுவும் நின்றுபோனது. பங்களாவில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கொடியில் இரண்டு வெள்ளை அங்கி. சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் பிரசங்கம் எழுத உட்காருவார், வெள்ளைத்தாளின் தலையில் தேதியை எழுதுவார், அதற்குள் நாங்கள் வந்துவிடுவோம். ஞானஸ்நானச் சீட்டில் கையெழுத்து, கல்யாண ஓலையில் பெயர் திருத்தம், மாமியார் மருமகள் வழக்கு. ஆறு மணிக்குத் தாளில் தேதி மட்டும் இருக்கும். அதனால் ஏறுகிற நேரத்தில்தான் அவர் பிரசங்கத்தைத் தயார் செய்தார், பத்தாவது படியில் ஒரு வசனம், இருபதாவது படியில் ஒரு உவமை, முப்பதாவது படியில் ஒரு கேள்வி என்று பொறுக்கிக்கொண்டே போவார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

மார்ச் மாதம் லெந்து என்னும் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்கள் பிள்ளைகள் நாற்பத்துமூன்று பேரையும் கோயிலுக்கு அனுப்பினோம், அவர்கள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் ஆல்டர் மேஜையில் வரிசையாக வைத்தார்கள், ஐயர் ஒவ்வொன்றின்மேலும் கைவைத்துப் பெயர் சொல்லி ஜெபித்தார். அந்தப் பேனாவால் எழுதினால் பாஸ் என்பது எங்கள் நம்பிக்கை. மறுநாள் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் மேஜையில் உட்கார்ந்தார், தேதியை எழுதினார், பத்தொன்பது பேர் வந்துபோனார்கள், பத்தொன்பதாவது ஆள் போன பிறகு தேதிக்குக் கீழே எழுதத் தொடங்கினார். அது பிரசங்கம் இல்லை. பேராயருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம். எனக்குள் கொடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை, நாளைக் காலை இதைச் சபைக்கு முன்பாக வாசித்துவிட்டு அங்கியைக் கழற்றிவிடுகிறேன், என்னை விடுவித்துவிடுங்கள் என்று இருந்தது அதில். மடித்து வேதபுத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

ஞானப்பூ மேலேயிருந்து கீழாகப் படிகளைத் தூத்துக்கொண்டு வந்தாள், ஐம்பத்தைந்து வயசு, புருஷன் இல்லை, கோபம் நிறைய உண்டு. ஊரில் எல்லாருக்கும் அவள் ஞானப்பூதான், பெயரோடு அம்மா சேர்த்துக் கூப்பிடுகிறவர் ஐயர் ஒருவர்தான்.

"முட்டு வலி எப்படியிருக்கு ஞானப்பூம்மா? ஜெபிக்கட்டுமா?"

"வேண்டாம் ஐயரே. நீங்க ஜெபிச்சா வலி போயிரும், படி போவாதுல்லா. இன்னைக்கு அம்பத்தொண்ணு."

அவர் சிரித்தார். அவள் விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டே கேட்டாள், "உங்களுக்கு ஏற எப்படியிருக்கு?"

"ஏறும்போது நல்லாத்தான் இருக்கு. அந்த நேரத்துல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. மேல போய் நின்னாத்தான்," என்றவர் முடிக்கவில்லை, கீழ்ப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்திரண்டு படிகள் இருந்தன. ஐயர் ஏறினார், நாங்கள் முதல் பாட்டைப் பாடினோம், இரண்டாவதைப் பாடினோம், மூன்றாவதைப் பாடி ஆமென் சொல்லி உட்கார்ந்து இருமி முடித்தோம். ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. செல்லக்கனி டீச்சர் நான்காவதாக ஒன்றை எடுத்தார், ஐந்தாவதாக ஒன்றை எடுத்தார், கிறிஸ்துமஸ் பாட்டைத் தவிர எல்லாம் முடிந்தது. மேலே மூச்சு மட்டும் இருந்தது. மயங்கிவிட்டாரோ என்று ஒருவர் சொன்னார், தியானத்தில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், ஒருவர் ஏறிப் பார்த்தால் என்ன என்றபோது தேவபிச்சை சார் எழுந்து, பட்டம் பெறாதவர் ஏற விதியில் இடமில்லை, பக்கத்துச் சேகரத்து ஐயருக்குப் போன் போடலாம் என்றார். எண்ணூறு பேர் இருந்தோம். ஒரு மனுஷன் எங்கள் தலைக்கு மேலே தனியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார், நாங்கள் விதியைப் பேசிக்கொண்டிருந்தோம்.

பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையிலிருந்து ஞானப்பூ எழுந்தாள்.

"நான் சனிக்கிழமை ஏறுதவதான். இன்னைக்கு ஒருநாள் தள்ளி ஏறுதேன்," என்று சொல்லிவிட்டுக் கோயில் பானையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொண்டு ஏறினாள். ராஜமணியின் படியை மிதித்தாள், மச்சினனின் படியை மிதித்தாள், தூணைச் சுற்றி மறைந்துபோனாள். பிறகு அவள் முனகல் ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கியது, முதலில் தூரமாக, பிறகு பக்கத்தில், அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது, ஐயரின் அங்கியில் ராஜமணியின் மைக் இருக்கிறது, அது திறந்திருக்கிறது. கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியிலும் அது போய்க்கொண்டிருந்தது, கோயிலுக்கு வராதவர்களும் கேட்டார்கள்.

"இங்கயா உக்காந்திருக்கிய?"

"எத்தனாவது படி இது?"

"முப்பத்துநாலு. இந்தாங்க, தண்ணி."

குடிக்கிற சத்தம் கேட்டது.

"முடியல ஞானப்பூம்மா."

"முட்டா?"

"முட்டு இல்ல. உள்ள ஒண்ணுமே இல்ல. பத்து மாசமா ஏறி வரதுக்குள்ள ஏதாவது கெடைச்சிரும். இன்னைக்கு முப்பத்துநாலு படி வந்துட்டேன், ஒரு வார்த்தை இல்ல. எல்லாருக்காகவும் ஜெபிக்கேன். எனக்குன்னு முட்டுக்கால் போட்டா வாய் வர மாட்டேங்கு. இங்கயிருந்து பாத்தா மேலயும் யாரும் தெரியல, கீழயும் யாரும் தெரியல."

தேவபிச்சை சார் எழுந்து மைக் பெட்டியருகே போனார், பொத்தானில் விரல் வைத்தார், அணைக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்தார். அவரை நாங்கள் மதிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு யாரு ஜெபிக்கா?" என்று ஞானப்பூ கேட்டாள்.

செம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் ஜெபிக்கட்டா? ஐயர்மாரு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது."

"சொல்லுங்க."

"தலையைக் குனியுங்க. கையில தூசி இருக்கு, பரவாயில்லையா?"

"பரவாயில்ல, வைங்க."

அவள் ஜெபித்தாள். "ஆண்டவரே, ஐயருக்கு ரொம்ப அசதி. நாங்க எல்லாருமாச் சேந்து இவரை இறைச்சுக் குடிச்சிட்டோம், ஒருத்தரும் திருப்பி ஊத்தல. இவரைப் பாத்துக்கிடும். பாளையங்கோட்டையில ஐயரம்மாவைப் பாத்துக்கிடும். இவரு மகளை," என்று நிறுத்தினாள். "மக பேரு என்ன ஐயரே?"

கீழே நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ராஜமணியைப் பார்த்தோம், தேவபிச்சை சாரைப் பார்த்தோம், பத்து மாதமாக அவரோடு கமிட்டியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்தோம். எங்கள் எருமையின் பெயர்கூட அவருக்குத் தெரியும். அவர் மகள் பெயர் எண்ணூறு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

"கெசியா," என்றார் ஐயர்.

"என்ன படிக்கா?"

"ப்ளஸ் டூ. நாளைக்குப் பரீட்சை ஆரம்பிக்கி."

"பேனாவுல கை வச்சு ஜெபிச்சியளா?"

"அவ அங்கயில்லா இருக்கா. நேத்து ராத்திரி போன்ல கேட்டா, 'எல்லாருக்கும் பண்ணுனியேப்பா, எனக்கு?'ன்னு. வேலையெல்லாம் முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்னு சொன்னேன். கூப்பிடல."

 பிறகு ஐயர் அழுகிற சத்தம் கேட்டது, பெரிய ஆள் அழுகிற, பழக்கமில்லாத சத்தம், அது ஊர் முழுக்கக் கேட்டது.

"போன் இருக்கா?" என்றாள் ஞானப்பூ.

"ஆராதனையில எப்படி?"

"எடுங்க ஐயரே."

மணி போவது கேட்டது. ஒரு சின்னக் குரல், "அப்பா? இப்ப பிரசங்க நேரம்லா? என்னாச்சுப்பா?"

அவர் போனை நீட்டினார். ஞானப்பூதான் பேசினாள். "ஏம்மா கெசியா, நான் இங்க கோயில் பெருக்குத ஞானப்பூ. நாளைக்கு எழுதுத பேனாவை எடுத்துப் போன் பக்கத்துல வை."

"ரெண்டு பேனா இருக்கு."

"ரெண்டையும் வை."

ஐயர் தொடங்கினார். எங்கள் பிள்ளைகளுக்கு ஜெபித்த அதே வார்த்தைகள்தான், பெயர் மட்டும் வேறு, அந்தப் பெயருக்கு வந்தவுடன் குரல் உடைந்து நின்றுபோனது. அவர் நிறுத்தின இடத்திலிருந்து கீழே யாரோ எல்லாருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தை எடுத்தார்கள், யார் என்று இன்றுவரை தெரியவில்லை, நாங்கள் எல்லாரும் எழுந்து கூரையைப் பார்த்துக் கையை நீட்டினோம், எங்கள் ஜெபம் தூணைச் சுற்றி முப்பத்துநான்கு படி ஏறி, அந்தப் போனுக்குள் போவதை ஒலிபெருக்கியில் நாங்களே கேட்டோம். ஆமென் சொன்ன பிறகு அந்தப் பெண் கேட்டாள், "அப்பா, அங்க யாரெல்லாம் இருக்காங்க?"

"எல்லாரும்," என்றார் ஐயர். "எல்லாரும் இருக்காங்கம்மா."

பிறகு இரண்டு ஜோடிக் காலடிகள் கேட்டன. ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒலிபெருக்கியில் எப்படித் தெரியும்? மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தூணுக்குப் பின்னாலிருந்து முதலில் காலி செம்போடு ஞானப்பூ வந்தாள், அவள் பின்னால் அவர் வந்தார். தாடியில் இவ்வளவு நரை விழுந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். பிரசங்கம் இல்லை. எங்கள் நடுவில் தரையில் நின்று ஆசீர்வாதம் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை பெருக்கும்போது முப்பத்துநான்காவது படியில் நாலாக மடித்த ஒரு தாள் கிடந்தது. ஞானப்பூவுக்கு வாசிக்கத் தெரியாது, தூசியோடு சேர்த்துக் கூட்டிக் குப்பையில் தள்ளினாள். தேவபிச்சை சார் அதை எடுத்து வாசித்தார், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். மறுநாள் படிகள் ஐம்பத்திரண்டு இருந்தன, அதற்கு அடுத்த ஞாயிறும் ஐம்பத்திரண்டு. கூடவில்லை, வளர்ந்தது குறையவும் இல்லை. ஐயர் இப்போது பதினைந்து படிக்குமேல் போவதில்லை, எங்கள் முகம் தெரிகிற உயரம் அது. தனிமை தீர்ந்துபோயிற்று என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம், பங்களாவில் இன்னும் ஒரு தட்டுதான் கழுவிக் கவிழ்ந்திருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே யாரும் கதவைத் தட்டுவதில்லை. அந்த நேரத்தில் வாரத்துக்கு ஒரு குடும்பம் முப்பத்துநான்காவது படியில் போய் உட்கார்ந்து அவருக்காகவும் ஐயரம்மாவுக்காகவும் கெசியாவுக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று தேவபிச்சை சார் பட்டியல் போட்டு ஒட்டியிருக்கிறார், பட்டியல் இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் ஓடாது.

அந்தப் படிக்கும் ஒரு பெயர்க்கல் பதிக்கலாம் என்று ராஜமணி கேட்டுப் பார்த்தார். "உக்காருத எடத்துல பேரு இருந்தா குத்தும்," என்று ஞானப்பூ சொல்லிவிட்டாள். ஆகையால், இந்தப் பக்கம் வந்து மேடைப் படிகளை எண்ணிப் பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக ஏறலாம், இப்போது யாரும் தடுப்பதில்லை. சனிக்கிழமை மூன்று மணி என்றால் மட்டும் தூண் திரும்புகிற இடத்தில் பார்த்துக் கால் வையுங்கள், அங்கே யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.